சுவைக்கு நான்கு புள்ளி

மற்றவர்களுக்குப் புள்ளி போட்டே இருபத்தாறு வருடம் சம்பளம் வாங்கியவள் நான். மனைப்பொருளியல் பாடத்துக்கு முதலில் ஆசிரியை, பிறகு ஆசிரிய ஆலோசகர். பாடசாலை பாடசாலையாகப் போய், வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியைகள் எப்படிப் படிப்பிக்கிறார்கள் என்று பார்த்துக் குறிப்பெழுதுவது வேலை. ‘அந்த மெடம் சரியான இறுக்கம்’ என்று முதுகுக்குப் பின்னால் கதைப்பார்கள். அது எனக்குத் தெரியும். உண்மையைச் சொன்னால், அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அத்தனை வருடத்தில் போட்ட புள்ளிகளில் ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஒரு ஆசிரியைக்குச் சுவை என்ற கட்டத்தில் இருபதுக்கு நான்கு போட்டேன். அவர் ஓய்வுபெறப் போகிற வருடம் அது. அந்த நான்கால் என்ன போயிற்று என்பதைச் சொல்வதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பாடத்தை யாரும் பாடமாக மதிப்பதில்லை. பொரிக்கிற அவிக்கிற பாடம் என்பார்கள். ஒரு அதிபர் என்னிடம் நேரிலேயே கேட்டார், “இதப் படிக்கப் புள்ளைகள் பள்ளிக்கூடம் வரணுமா மெடம், உம்மாமார் வீட்டில இல்லியா?” என்று. கணிதத்துக்கு விருது, விஞ்ஞானத்துக்கு விருது, விளையாட்டுக்குக்கூட விருது. ஆசிரியர் தின மேடையில் எங்கள் ஆட்களைப் பார்க்கவேண்டுமென்றால் மேடைக்குப் பின்னால் போகவேண்டும். அங்கேதான் சிற்றுண்டி தட்டுகளை அடுக்கிக்கொண்டு நிற்பார்கள்.

நான் சண்டை பிடித்தேன். மூன்று வருடம் கூட்டத்துக்குக் கூட்டம் எழும்பி நின்று கேட்டேன். கடைசியில் எங்கள் கல்வி வலயத்தில் சிறந்த மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவரையும் தெரிவுசெய்து கௌரவிப்பதென்று முடிவாயிற்று. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர், அலுவலக உத்தியோகத்தர் ஒருவர், பாடம் தெரிந்தவள் என்ற வகையில் நான் என்று மூவர் நடுவர்கள். என் புள்ளிக்கு மற்ற இருவரையும் விடப் பாரம் அதிகம். அதையும் நானே கேட்டு வாங்கினேன்.

அந்த ஆசிரியையின் பாடசாலை, கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதி என்ற தாழ்ந்த தரைப்பாலத்தைக் கடந்து வயல் பக்கமாக உள்ளே போகிற ஊரொன்றில் இருந்தது. மாரியில் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் அங்கே போய்வர முடியாது. அந்த நாட்களுக்கென்று ஊருக்குள் ஒரு மாணவியின் வீட்டில் பாயும் தலையணையும் மாற்றுடுப்பும் வைத்திருந்தார். வெள்ளத்தைச் சாட்டி அவர் ஒரு நாள் விடுமுறை எடுத்ததாக வரவுப் பதிவில் நான் கண்டதில்லை.

அவர் வகுப்பில் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. மற்றப் பாடசாலைகளில் செயன்முறைக்கு ‘நால்வருக்கான மதிய உணவு’ என்று எழுதிவிட்டு அடுப்பை மூட்டுவார்கள். இவருடைய பிள்ளைகள் யாருக்குச் சமைக்கிறோம் என்று எழுதாமல் அடுப்பைத் தொடமாட்டார்கள். சீனி வருத்தமுள்ள மாமிக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற மூத்த ராத்தாவுக்கு. பல்லில்லாத வாப்பாவுக்கு. சமைத்ததைக் கொண்டுபோய் அந்த ஆளுக்கே கொடுத்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். இதைப் பாராட்டி மேற்பார்வைக் குறிப்பில் எழுதியவளும் நான்தான்.

நடுவர்கள் வருகிற நாளைக் குறிப்பதற்கு அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். “செவ்வாயும் வெள்ளியும் வேணாம் டீச்சர். எங்கட அவருக்குக் கிட்னி வருத்தம். அந்த நாளையில ரத்தம் சுத்தம் பண்ண ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்” என்று சொன்னேன். அவர் என் கணவரைப் பற்றி இரண்டு மூன்று கேள்வி கேட்டார். என்ன சாப்பிடுகிறார், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாமாம் என்றெல்லாம். நான் பதில் சொன்னேன், வியாழனுக்கு நாள் குறித்தேன், பேசியதை மறந்துபோனேன்.

நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலைகள் திறந்த இரண்டாம் வாரம். சிறுபோக உழவு தொடங்கியிருந்தது. வயலெல்லாம் சேறும் கொக்குமாக இருக்க, எங்களை ஏற்றிய வான் வண்டி நடுவால் போயிற்று. நான் அன்று நோன்பு. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பில் நாலாவது. மற்ற இருவரும் நோன்பில்லை.

மனைப்பொருளியல் அறை ஒரு பழைய கட்டடத்தின் மூலையில் இருந்தது. தகரக் கூரை, இரண்டு எரிவாயு அடுப்பு, சுவரோரம் சீமெந்துத் தட்டு. அத்தனையும் துடைத்துவைத்த மாதிரி. பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன் அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“எனக்குச் சால்வை போத்தணும் எண்டு நான் இதுக்குப் பேர் குடுக்கல்ல மெடம். ஆடி மாசம் நான் பென்ஷன் போறன். நான் போனா இந்த அறைய மூடிருவாங்க. எனக்குப் பதிலா ஆளும் கேக்க மாட்டாங்க. பேர் போட்ட ஒரு விருது இந்தச் சுவர்ல தொங்கினா, மூடுறதுக்குக் கொஞ்சம் வெக்கப்படுவாங்க. அதுக்குத்தான்.”

கெஞ்சுவது போல் அவர் சொல்லவில்லை. கணக்குச் சொல்வது போலச் சொன்னார். நான் நடுவராக வந்தவள் என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

பாடம் நன்றாக நடந்தது. பிள்ளைகளில் பாதிப் பேர் நோன்பு. சமைக்கும்போது நாக்கில் வைத்துப் பார்க்க முடியாதென்பதால் எல்லாம் கரண்டி அளவுதான். உப்பைக் கரண்டியில் எடுத்து, கத்தியின் முதுகால் மட்டமாக வழித்து, பக்கத்திலிருப்பவளிடம் காட்டிவிட்டுப் போட்டார்கள். ஒரு பிள்ளை ஓரமாகத் தனியாக நின்று, நறுக்கிய காயை நிறையத் தண்ணீரில் அவித்து அந்தத் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தாள். சத்தையெல்லாம் ஏன் கொட்டுகிறாள் என்று நினைத்தேன். எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல், கொப்பியில் ஒரு கேள்விக்குறி போட்டுவைத்தேன்.

சாப்பாட்டை மேசைக்குக் கொண்டுவந்தார்கள். மற்ற இருவரும் சாப்பிட்டுப் புகழ்ந்தார்கள். ஓய்வுபெற்ற அதிபர் இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார்.

“சுன்னத்தான நோம்புதானே மெடம், கடமை இல்லியே, விருந்துக்காக முறிக்கலாம்” என்றார் அவர். “இல்லாட்டி நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்புங்க.”

“புள்ளைகளுக்கு முன்னால துப்பச் சொல்றீங்களா சேர்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஆசிரியை மட்டும் சிரிக்காமல் என்னைப் பார்த்து, “அப்ப மெடத்துக்குக் கட்டித் தாறம். நோம்பு திறந்தாப் பிறகு பாருங்க” என்றார். அது எனக்குச் சரியாகப் பட்டது. சுவைக் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டேன்.

நாங்கள் புறப்படும்போது அவர் உள்ளே அடுப்புகளின் வாயுவை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஓரமாக நின்று சமைத்த பிள்ளைதான் ஓடிவந்து, வானின் யன்னலுக்குள்ளால் ஒரு பையை நீட்டினாள்.

“மெடம், இதுல ரெண்டு பெட்டி இரிக்கி. மேல இரிக்கிறது...”

“சரி மகள், சரி மகள்” என்றேன். மடியில் புள்ளித் தாள்கள் காற்றில் பறந்துகொண்டிருந்தன. சாரதி வானை எடுத்துவிட்டார். அவள் சொல்லிமுடிக்கவில்லை, நான் கேட்கவுமில்லை.

சாய்ந்தமருதில் வீட்டுக்கு வந்ததும் இரண்டு பெட்டியையும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். மஃரிப் பாங்கு சொன்னது. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்து, தொழுதுவிட்டு, மேல் பெட்டியைச் சூடாக்கித் திறந்தேன். வெள்ளைச் சோறு, சிறிய துண்டுப் பாரை மீன், புடலங்காய். மிளகும் தேசிக்காயும் நன்றாக மணத்தன. வாயில் வைத்தேன். உப்பு மருந்துக்கும் இல்லை. மீனில் இல்லை, புடலங்காயில் இல்லை. மற்ற இருவரும் வாய் நிறையப் புகழ்ந்ததை நினைத்தேன். முகத்துக்காகச் சொல்லியிருப்பார்கள் என்று முடிவு கட்டினேன். எனக்குக் கோபம் வந்தது, உண்மையான கோபம். மூன்று வருடம் இந்தப் பாடத்துக்காகச் சண்டை பிடித்தது இதற்கா என்று.

கீழ்ப் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதுவும் இதே கதிதான் என்று நினைத்தேன். அடுத்த வீட்டு ராத்தாவும் ஆறு நோன்பு பிடித்துக்கொண்டிருந்தார். வீணாகக் கொட்டுவானேன் என்று மதிலுக்கு மேலால் அந்தப் பெட்டியை நீட்டி, “உப்புக் கொஞ்சம் போட்டுச் சாப்பிடுங்க ராத்தா” என்று சொல்லிக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது என் கணவர் மேசையில் உட்கார்ந்து, நான் வைத்துவிட்டுப் போன பெட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வருத்தம் தொடங்கிய நாளிலிருந்து சாப்பாடு என்றாலே சண்டை. கருத்தரங்குகளில் நோயாளி உணவைப் பற்றி மணிக்கணக்காகப் பேசியவள் நான். வீட்டிலோ, வழக்கமான கறியில் உப்பை நிறுத்திவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்தேன். அவர் இரண்டு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளுவார். அன்றைக்குத் தள்ளவில்லை. பெட்டியின் மூலையை விரலால் வழித்தார்.

“இது ஆர் ஆக்கின? இன்னும் இரிக்கா?”

“இல்ல, மத்தத ராத்தாக்குக் குடுத்துட்டன்” என்றேன். பாவம், நாக்கு செத்துப்போன மனுசன், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிறார் என்று நினைத்தேன். தாளை எடுத்து நான்கு என்று எழுதினேன்.

மறுநாள் வெள்ளி. அவரை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, வருகிற வழியில் தாளை அலுவலகத்தில் ஒப்படைத்தேன். ஏன் இவ்வளவு குறைவு என்று உத்தியோகத்தர் கேட்டார். “மனைப்பொருளியல் டீச்சர் உப்ப மறக்கிறதும், கணக்கு வாத்தியார் கூட்டல மறக்கிறதும் ஒண்டுதான் சேர்” என்றேன். அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் என் பேச்சை ரசித்தேன். அன்றைக்கே அது பலரின் வாயில் சுற்றியது.

அதே நாள் பின்னேரம் அடுத்த வீட்டு ராத்தா பெட்டியைக் கழுவி, வெறுமையாகத் தரக்கூடாதென்று இரண்டு துண்டு தொதல் இனிப்பு வைத்துக் கொண்டுவந்தார். “உப்புப் போடச் சொன்னீங்க. போட்டிருந்தாக் கைச்சிரிக்கும். உப்பும் புளியும் அவ்வளவு அளவா இரிந்திச்சி” என்றார்.

இந்த இடத்தில் நிறுத்தி நிதானமாக எழுதவேண்டும். ஏனென்றால் அதுவரை நடந்தது அவசரம். அதற்குப் பிறகு நடந்தது அவசரமில்லை. ஒரு பெட்டியில் உப்பு இருக்கிறது, மற்றதில் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். புள்ளிகளை இன்னும் கூட்டவில்லை, அதற்கு ஒரு வாரம் இருந்தது. நான் அழைக்கவில்லை. அந்தக் கூட்டல் பகிடியை எல்லோரும் கேட்டுச் சிரித்துவிட்டார்கள். அதை எப்படித் திருப்பி வாங்குவது? ஒரே அடுப்பில் ஒன்றுக்கு உப்புப் போட்டு மற்றதற்கு மறப்பதும் கவனக்குறைவுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

விருது வேறொருவருக்குப் போனது. அவரும் நல்ல ஆசிரியைதான், அவரில் ஒரு குறையும் இல்லை. கல்முனையில் ஒரு மண்டபத்தில் விழா. பாராட்டுரையை நான் வாசித்தேன். வாசித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, பெண்கள் பக்கம் நாலாவது வரிசையில் அவர் இருந்தார். கூட்டத்தோடு சேர்ந்து கைதட்டினார். முடிந்ததும் கூட்டத்துக்குள்ளால் வந்து, “நல்லா வாசிச்சீங்க மெடம்” என்று சொல்லிவிட்டு, “அவருக்கு இப்ப எப்பிடி?” என்று கேட்டார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். “அல்லாஹ்ட உதவியால இரிக்கார்” என்று சொல்லிவிட்டு நழுவினேன். அன்றைக்குக் கூப்பிட்டது யார் என்று இப்போது ஞாபகமில்லை. கூப்பிட்டது எனக்கு வசதியாக இருந்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

ஆடியில் அவர் ஓய்வுபெற்றார். அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருக்கும்போதே என் கணவர் மௌத்தானார்.

கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தா இருந்தேன். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போவதில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் வகுப்பில் போய் உட்கார்ந்தவள், இப்போது ஒரு அறையில் இருந்துகொண்டு வருகிறவர்களுக்காகக் காத்திருந்தேன். பெண்கள் வந்து கொஞ்ச நேரம் இருந்து, துஆ செய்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் வாரம் அவர் வந்தார், பஸ்ஸில், தனியாக. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். புறப்படப் போகும்போதுதான் கேட்டார்.

“ஒண்டு கேக்கட்டா மெடம்? அண்டைக்குக் குடுத்தனுப்பின சாப்பாட்ட அவர் சாப்பிட்டாரா?”

எனக்கு விளங்கவில்லை. “எந்தச் சாப்பாடு?”

“மேல் பெட்டி. அது அவருக்கு ஆக்கினதுதானே. நீங்க போன்ல சொன்னத வகுப்புல சொன்னன். பதினோராம் வகுப்புப் புள்ள ஒருத்தி, நான் அவருக்குத்தான் ஆக்கப்போறன் எண்டு நிண்டுட்டா. உப்பில்லாம, கிட்னிக்கு ஆகாத பொட்டாசியம் போகக் காய அவிச்சுத் தண்ணியக் கொட்டி, தேசிக்காய்லயும் மிளகுலயும் ருசி எடுத்து. ஆறு தரம் ஆக்கிப் பாத்தா. கீழ் பெட்டி உங்களுக்கு, புள்ளி போட. அவ யன்னலால சொல்லித் தந்த எண்டு சொன்னாளே.”

தட்டைத் தள்ளாத அந்த மனிதரின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. வருத்தம் வந்த பிறகு அவர் ஆசையாகச் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அதுதான். எனக்கு அழுகை வந்தது. மையித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று வந்த அழுகை வேறு, இது வேறு.

“முழுக்கச் சாப்பிட்டார்” என்றேன். “பெட்டிய வழிச்சுச் சாப்பிட்டார். இன்னும் இரிக்கா எண்டு கேட்டார்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார். அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு இனியும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு புள்ளி, கூட்டல் பகிடி, ராத்தா பெட்டியோடு வந்தது, பிறகும் நான் வாயைத் திறக்காதது. ஒன்றையும் விடவில்லை.

அவர் என் கையை விட்டார்.

“உப்பில்லாட்டி நாலுதான் மெடம் போடணும்” என்றார். “அது பிழையில்ல. மத்தப் பெட்டியத் திறக்காமப் போட்டது பிழை. தெரிஞ்சாப் பிறகும் கேக்காம இரிந்தது பெரிய பிழை.”

“அறை?” என்று கேட்டேன்.

“மூடிட்டாங்க. உடைஞ்ச கதிரை மேசையெல்லாம் போட்டு வெச்சிரிக்காங்க. பதினொண்டுல படிக்கிற புள்ளைகள் மட்டும் எங்கட வீட்டுக்கு வந்து செயன்முறை செய்றாங்க. அதுக்குக் கீழ உள்ளதுகள வேற பாடத்துக்கு மாத்திட்டாங்க.”

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் போன பிறகு அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன். அந்தப் புள்ளி எப்படிப் போடப்பட்டது, அதனால் விருது யாரிடமிருந்து போனது, எந்த அறை மூடப்பட்டது என்று எழுதி, என் கையெழுத்தை வைத்து, தம்பியிடம் கொடுத்து அனுப்பினேன். கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. அதற்கு மேல் இன்னும் ஒன்றும் வரவில்லை. அறையும் இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

அடுத்த கிழமை அவர் மறுபடியும் வந்தார். வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கைப்பையிலிருந்து உறை போட்ட செயன்முறைக் கொப்பி ஒன்றை எடுத்து என் முன்னால் விரித்தார். ஆறு தரம் சமைத்ததும் ஆறு பக்கத்தில் இருந்தது. எது சரிவரவில்லை, ஏன் சரிவரவில்லை என்று ஒவ்வொன்றின் கீழும் அந்தப் பிள்ளை பச்சைப் பேனாவால் எழுதியிருந்தாள். ஏழாம் பக்கத்தில், சாப்பிட்டவரின் கருத்து என்ற கட்டம் வெறுமையாக இருந்தது.

“சோதனைக்கு நாள் கிட்டுது, சும்மா என்னத்தையாவது எழுது எண்டு நானே சொல்லிப் பாத்தன். அவ கேக்கல்ல. அவர் சாப்பிட்டாரா எண்டு தெரியாம எப்பிடி டீச்சர் எழுதுற எண்டு கேக்கிறா. அவளுக்கு நான் சொல்லிக் குடுத்தத என்னிட்டயே திருப்பிச் சொல்றா.”

பேனாவை வாங்கினேன். முழுவதும் சாப்பிட்டார் என்று எழுதினேன். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார் என்று எழுதினேன். கீழே கையொப்பம் வைத்து, இருபத்தாறு வருடப் பழக்கத்தில் என் பதவியை எழுதத் தொடங்கினேன். அவர் தன் கையை என் கைமேல் வைத்து நிறுத்தினார்.

“அது வேணாம் மெடம்” என்றார். “அவர்ட பொஞ்சாதி எண்டு போடுங்க.”